நந்தவனத்திற்கு நிலம் திருத்திய வரலாறு

பூந்தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பூக்களைப் பற்றியே பேசுகிறோம். மன்னன் அமைத்த பூங்கா, கோயிலுக்கு அளித்த நந்தவனம், நகராட்சி திறந்து வைத்த பொதுப்பூங்கா என்று வரலாற்று நூல்களிலும் தோட்டம் மலர்ந்த பிறகே இடம் பெறுகிறது. அதற்கு முன் அவ்விடம் எப்படி இருந்தது? முள்ளும் கோரையும் மண்டிக் கிடந்ததா? மழைநீர் தேங்கிய பள்ளமா? இடிந்த செங்கற் குவியலா? அதைத் திருத்தியவர்கள் யார்? திருத்த எத்தனை ஆண்டுகள் ஆயின? பூ ஒன்றும் பூக்காத அந்த ஆண்டுகளில் அவர்கள் எதைக் கொண்டு வாழ்ந்தார்கள்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது வரலாற்றறிவுக்குப் பயன்படும். பள்ளிக்கூடத்துப் பின்புறத்தையோ வீட்டுக் கொல்லையையோ தோட்டமாக்க விரும்புவோர்க்கும் அது பயன்படும்.

இதற்குக் காவிரிப் படுகை நல்ல எடுத்துக்காட்டாகும். அது நெல்லுக்காக உருவாக்கப்பட்ட நிலம். நெல்லுக்கு நீர் தேங்க வேண்டும். பூஞ்செடிகளுக்கோ நீர் வடிய வேண்டும். ஒரே களிமண்ணில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளை இம்மக்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்திருக்கிறார்கள். அவ்வேலையின் தடங்களைத் தாராசுரத்திலிருந்து தொடங்கிக் காண்போம்.

தாழ்ந்து கிடக்கும் முற்றம்

கும்பகோணத்தை ஒட்டி, அரசலாற்றங்கரையில் அமைந்தது தாராசுரம். சோழர்களின் இரண்டாம் தலைநகராக விளங்கிய பழையாறையைச் சார்ந்த பகுதி இது. இரண்டாம் இராசராசன் (1146–1173) இங்கு எடுப்பித்த கோயில் அவன் பெயரால் இராசராசேச்சுரம் எனப்பட்டது. இராசராசபுரம் என்ற ஊர்ப்பெயரே மக்கள் நாவில் ராராசுரம் ஆகி, பின்னர் தாராசுரம் ஆயிற்று. குதிரை இழுக்கும் தேர் வடிவிலான மண்டபமும், அறுபத்துமூன்று நாயன்மார் வரலாறுகளைக் கூறும் சிறு சிற்பங்களும் இக்கோயிலை உலகப் புகழ் பெறச் செய்தன. 2004-ஆம் ஆண்டு இது உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சிற்பங்களைப் பார்க்கச் செல்வோர் சற்றே நின்று தரையையும் பார்த்தல் வேண்டும். வெளிக்கோபுரம் மேற்பகுதி இழந்து அடிப்பகுதியளவில் நிற்கிறது. கோயிலின் முன்முற்றம் சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கு நீர் தேங்குவது நெடுநாளைய தொல்லை. சோழர் காலத்துச் சிற்பிகள் பள்ளத்தைத் தேடிப் பிடித்துக் கோயில் கட்டியிருக்க மாட்டார்கள். அப்படியானால் கோயில் தாழ்ந்ததா, ஊர் உயர்ந்ததா?

பெரும்பாலும் ஊர்தான் உயர்கிறது. ஆற்று வெள்ளம் ஒவ்வொரு முறையும் மெல்லிய வண்டலைப் பரப்பிச் செல்கிறது. மண்சுவர் வீடு இடிந்தால் அம்மண்ணின் மேலேயே அடுத்த வீடு எழுகிறது. அடுப்புச் சாம்பல், உடைந்த பானை, வைக்கோல், சாணம் ஆகிய யாவும் தெருவை மேடாக்குகின்றன. தெரு பாவும்போது பழைய தளத்தை எடுக்காமல் அதன்மீதே புதுத் தளம் போடுகிறார்கள். கல்லால் ஆன கோயில் முற்றமோ அன்று இருந்த மட்டத்திலேயே நின்றுவிடுகிறது.

இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத வேலையாள் ஒருவரும் உண்டு. அவர் மண்புழு. சார்லஸ் டார்வின் தம் இறுதி நூலை 1881-இல் மண்புழுக்களைப் பற்றியே எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் புழுக்கள் ஓர் ஏக்கரில் ஓராண்டில் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண்ணை மேலே கொண்டுவந்து போடுகின்றன என்று அவர் கணக்கிட்டார். வயல்மீது கிடந்த கற்களும், ரோமானியர் கட்டிய வீடுகளின் தளங்களும் மெல்ல மெல்ல மண்ணுக்குள் புதைவதற்கு இவையும் காரணம் என்று காட்டினார். கவனிப்பாரற்ற முற்றம் உறங்குவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அங்கே மண் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஆகவே பாழ்முற்றம் ஒன்றைத் தோட்டமாக்க முனைவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இங்கு விழும் மழைநீர் எவ்வழியே வெளியேறும் என்பதே ஆகும். எந்தச் செடியை நடுவது என்பது அதற்குப் பின்னர் வரும் கேள்வி.

செப்பேடு கூறும் மண்வகைகள்

பழந்தமிழர் தரிசு நிலத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சோழர் செப்பேடுகள் தெளிவாகக் காட்டுகின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அதைக் கூறும் செப்பேடு பிற்காலத்தில் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் பெயர் பெற்றது. ஊரின் எல்லையைப் பெண்யானை ஒன்றை நடத்திச் சென்று வரையறுத்தார்கள். எல்லை நெடுகக் கல்லையும் கள்ளியையும் நட்டார்கள். கல் அசையாது, கள்ளி நீரின்றியும் சாகாது. நிலத்தைத் திருத்துவதற்கு முன் அதன் எல்லையைத் தெளிவாக்கும் முறை இது.

இத்தகைய செப்பேடுகளில் ஊரின் நிலப்பகுதிகள் வரிசையாகப் பெயர் சொல்லப்படுகின்றன. நன்செய், புன்செய் மட்டுமன்றிப் புற்று, காடு, களர், உவர், ஆற்றிடுபடுகை, உடைப்பு, மீன்பயில் பள்ளம், தேன்பயில் பொதும்பு ஆகியவையும் அப்பட்டியலில் உண்டு. இன்று நாம் ‘சும்மா கிடக்கும் இடம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை அவர்கள் இவ்வளவு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்.

இப்பிரிவினை மண்ணியல் நோக்கிலும் பொருள் உடையது. புற்று உள்ள இடம் பெரும்பாலும் மழைநீர் நிற்காத மேடு. ஆற்றிடுபடுகை என்பது ஆறு வண்டலை இட்டுச் சென்ற கரைநிலம். வாழைக்கும் வெற்றிலைக்கும் ஏற்றது. உடைப்பு என்பது கரை உடைந்து வெள்ளம் பாய்ந்த இடம். அங்கு வளமான மேல்மண் போய் மணல் ஏறியிருக்கும். உவர் நிலத்தில் உப்பு மிகுந்து வெண்மையாகப் பூத்திருக்கும். களர் நிலத்திலோ சோடியம் களித்துகள்களைப் பற்றிக்கொண்டு, மண்ணை இறுக்கி நீர் இறங்காமல் செய்துவிடும். உவரும் களரும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் மருத்துவம் வேறு. உவருக்கு நல்ல நீரைப் பாய்ச்சி உப்பைக் கரைத்து வடிகால் வழியே வெளியேற்றினால் போதும். களருக்கு அது போதாது. ஜிப்சம் இட்டுச் சோடியத்தை விலக்கிய பின்னரே நீர் உள்ளே இறங்கும். கார அமில நிலையைக் குறிக்கும் எண் 8.5-க்கு மேற்பட்டிருந்தால் களர் என ஐயுறலாம் என்பது இன்றைய ஆய்வுக்கூடங்கள் கொள்ளும் அளவு. கருவிகள் இல்லாத காலத்திலேயே இரண்டிற்கும் இரண்டு பெயர் இட்டிருந்தார்கள் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

நிலம் பெற்றவர்கள் எவற்றை நடலாம் என்ற உரிமைகளும் செப்பேடுகளில் பேசப்படுகின்றன. தமனகம், மருவு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர், மா, பலா, தெங்கு, கமுகு ஆகியவை அவற்றுள் அடங்கும். இப்பட்டியலில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. இருவேலி என்பது வெட்டிவேர். ஈரத்தைத் தாங்கிக் கரையை இறுகப் பிடிக்கும். செங்கழுநீர் தேங்கிய நீரிலேயே வளரும். செண்பகத்திற்கும் மாவுக்கும் பலாவுக்கும் நீர் தேங்காத இடம் வேண்டும். தமனகமும் மருவும் சிறு பாத்திகளில் வளரும் மணச்செடிகள். பள்ளம், கரை, மேடு என எல்லா வகை நிலத்திற்கும் ஏற்ற ஒரு செடி இதில் இருக்கிறது. எல்லாப் பள்ளங்களையும் மண் கொட்டி நிரப்ப வேண்டியதில்லை. சில பள்ளங்களைப் பள்ளமாகவே வைத்து மலர் பெறலாம்.

பூவுக்கு முன் சோறு

கோயிலுக்குரிய பூந்தோட்டம் கல்வெட்டுகளில் திருநந்தவனம் எனப்படுகிறது. அங்கு பறிக்கும் மலர் மாலை திருப்பள்ளித்தாமம் ஆகும். மன்னரும் அரசியரும் அதிகாரிகளும் வணிகரும் நந்தவனம் அமைத்துத் தந்ததாகப் பல கல்வெட்டுகள் கூறுகின்றன. அவற்றோடு சேர்த்துக் காண வேண்டிய இன்னொரு சொல் ‘நந்தவனப்புறம்’. நந்தவனத்தைப் பேணுவோரின் வாழ்வுக்காக ஒதுக்கிய விளைநிலம் இது. மண் வெட்டுவோர், ஏற்றம் இறைப்போர், பூப்பறிப்போர், மாலை தொடுப்போர் ஆகியோர்க்கு நாள்தோறும் இவ்வளவு நெல் என்று அளவு குறித்து வைத்த கல்வெட்டுகளும் உண்டு. தோட்டத்தைக் கொடுத்தவர், தோட்டக்காரரின் சோற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது.

நிலம் திருத்தும் காலத்திற்கும் அக்காலத்தார் வழி செய்திருந்தார்கள். காடு வெட்டி, கட்டை பறித்து, மேடு பள்ளம் சமன் செய்து நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவருவோர்க்குத் தொடக்க ஆண்டுகளில் வரியை நீக்கியோ குறைத்தோ, விளைச்சல் கூடக்கூடப் படிப்படியாக ஏற்றியோ வாங்கும் வழக்கம் இருந்தது. வெட்டிய ஆண்டிலேயே மண் பலன் தந்துவிடாது என்பது அரசுக்கும் ஊர்ச்சபைக்கும் தெரிந்திருந்தது.

ஊர்ச்சபையின் பங்கையும் மறக்கலாகாது. தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. அவ்வோலைகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று தோட்ட வாரியம். ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரியையும் தோட்டத்தையும் தனியாள் விருப்பத்திற்கு விடாமல், ஆண்டுதோறும் பொறுப்பு மாறும் குழுக்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

எனினும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். கல்வெட்டில் கொடையாளியின் பெயர் விருதுகளோடு நீண்டு நிற்கிறது. கோரைக்கிழங்கைத் தோண்டி எடுத்தவரின் பெயரை அங்கே காண்பது அரிது. அவர்களுடைய அறிவு கல்லில் ஏறவில்லை. கையோடு கையாக, தொழிலோடு தொழிலாக இறங்கி வந்தது. அதன் எச்சத்தை இன்றும் காவிரிப் படுகையின் வயலோரங்களில் காணலாம்.

நெல் மண்ணும் பூ மண்ணும்

நெல் வயலில் நீரைக் கட்டிச் சேறாக்கி உழுகிறார்கள். ஆண்டுக்காண்டு இவ்வாறு செய்வதால் மண்ணின் கட்டமைப்பு சிதைந்து, ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில் கெட்டியான அடுக்கு ஒன்று உண்டாகிறது. நீர் கீழே இறங்காமல் தடுப்பது இவ்வடுக்குதான். நெல்லுக்கு இது நன்மை. மல்லிகைக்கும் செண்பகத்திற்கும் இது கேடு. வேர்களும் மூச்சுவிட வேண்டும். மண்துளைகளில் காற்றுக்குப் பதில் நீரே நிறைந்து நின்றால் வேர் அழுகும். நெல்லுக்கோ தண்டு வழியே வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் உள்வழிகள் உண்டு. ஆகையால் அது சேற்றிலும் வாழ்கிறது.

பழைய வயலையோ, வண்டி மாடும் மக்களும் மிதித்து இறுகிய முற்றத்தையோ தோட்டமாக்கும்போது இவ்வடுக்கை உடைப்பது முதல் வேலை. படுகை உழவர் இதைக் கொடிக்காலில் செய்து காட்டுகிறார்கள். வெற்றிலை பயிரிடும் கொடிக்காலில் ஆழமான வாய்க்கால்களை வெட்டி, வெட்டிய மண்ணை இரு பக்கமும் ஏற்றி மேட்டுப்பாத்தி அமைப்பர். வாய்க்கால் கோடையில் நீர் கொடுக்கும். மழையில் அதுவே நீரை வடிக்கும். பாத்தியில் முதலில் வெற்றிலையை நடுவதில்லை. அகத்தியை விதைத்து, அது சில வாரங்கள் வளர்ந்த பின்னரே கொடியை நடுவார்கள். அகத்தி கொடிக்குக் கொழுகொம்பு, இளங்கொடிக்கு நிழல், மண்ணுக்குத் தழைச்சத்து. பின்னால் வரும் பயிருக்காக முன்னால் ஒரு பயிரை வளர்க்கும் இம்முறை நிலம் திருத்துவோர்க்கு நல்ல பாடம்.

வாய்க்கால் மண்ணை ஏற்றி மேடாக்கும் இக்கருத்து பிற நாடுகளிலும் தனித்தே தோன்றியது. மெக்சிகோ நாட்டில் அஸ்டெக் மக்கள் ஆழமற்ற ஏரிகளில் சேற்றை வாரிப் போட்டுச் ‘சினாம்பா’ எனப்படும் நீண்ட மேட்டுப்பாத்திகளை அமைத்தனர். மலரும் காய்கறியும் அவற்றில் விளைந்தன. நீர் மிகுந்த நாட்டில் தோட்டம் என்றாலே முதலில் மேடு அமைத்தல் என்பதே பொருள் போலும்.

மண்ணுக்கு உணவு

மேடாக்கிய மண் உடனே தோட்ட மண் ஆகிவிடாது. அடிமண்ணில் உயிர்ச்சத்து குறைவு. அதற்கு உணவூட்டப் படுகை மக்கள் மூன்று வழிகளைக் கையாண்டனர்.

முதலாவது கிடை. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம் சீமையிலிருந்து வரும் ஆட்டு மந்தைகளை இரவில் நிலத்தில் அடைத்து வைப்பர். புழுக்கையும் சிறுநீரும் நேரே மண்ணில் சேரும். சுமந்து செல்லும் செலவு இல்லை. இரண்டாவது வண்டல். குளத்திலும் வாய்க்காலிலும் படிந்த நுண்மண்ணைக் கோடையில் வெட்டிக் கொல்லைக்கு அடிப்பர். குளமும் ஆழமாகும், கொல்லையும் வளமாகும். 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு, வெள்ளத்தோடு வரும் வண்டலில் ஒரு பகுதி நீர்த்தேக்கத்திலேயே படியலாயிற்று. ஆதலின் உள்ளூர்க் குளத்து வண்டலின் மதிப்பு முன்னைவிட இன்று மிகுதி.

மூன்றாவது பசுந்தாள் உரம். கொழிஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு ஆகியவற்றை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவர். இச்செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் ஏற்கும் வடிவிற்கு மாற்றுகின்றன. இவ்வுண்மையைச் செருமானிய விஞ்ஞானிகள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880-களில் நிறுவினர். செயல் நெடுங்காலமாக வயலில் இருந்தது; விளக்கம் பின்னர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. கும்பகோணத்திற்குக் கிழக்கே ஆடுதுறையில் 1922-இல் நிறுவிய நெல் ஆராய்ச்சி நிலையம் இப்பகுதி மண்ணையும் பயிரையும் முறையாக ஆராய வழி வகுத்தது. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்ட் 1920-களில் குப்பை, சாணம், சாம்பல் ஆகியவற்றை அடுக்கிப் புரட்டி ஏறத்தாழ மூன்று மாதங்களில் கம்போஸ்ட் உரமாக்கும் முறையை வகுத்து, 1931-இல் நூலாக வெளியிட்டார். இந்திய, சீன உழவர்களின் பழக்கங்களிலிருந்து தாம் கற்றதை அவர் மறைக்கவில்லை.

இம்முறைகளின் ஆற்றலை நம் காலத்திலேயே ஒரு துயர நிகழ்ச்சி சோதித்துக் காட்டியது. 2004 டிசம்பர் 26-இல் கடற்கோள் நாகப்பட்டினக் கரையோர வயல்களை உப்பு நீரில் மூழ்கடித்தது. மீண்டும் அங்கு பயிர் வருமா என்று பலரும் அஞ்சினர். கடற்சேற்றை அகற்றினார்கள்; வரப்புயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடித்தார்கள்; தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். பருவமழைகளின் துணையோடு பல வயல்கள் மீண்டும் விளைச்சலுக்கு வந்தன. செப்பேடு கூறிய உவர் நிலத்திற்கு உரிய அதே மருத்துவம் இது.

புல்வெளி வந்த கதை

மீண்டும் கோயில் முற்றத்திற்கு வருவோம். சோழர் ஆட்சி மறைந்த பின் அவர்களுடைய பெருங்கோயில்கள் பலவும் பேணுவாரற்றுப் போயின. கொள்ளிடத்திற்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களை 1836-இல் கீழணை கட்ட எடுத்துச் சென்றார்கள் என்பது அதன் உச்சம். பறவைகள் போட்ட அரசு, ஆல விதைகள் கோபுர இடுக்குகளில் முளைத்து வேரால் கற்களைப் பிளந்தன.

கர்சன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த காலத்தில் (1899–1905) நிலைமை மாறத் தொடங்கியது. 1904-இல் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. தொல்லியல் துறைத் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923-இல் பாதுகாப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டார். தாஜ்மகாலின் தோட்டம் புல்வெளியோடு புதுப்பிக்கப்பட்டதும் கர்சன் காலத்தில்தான். பின்னர்த் தொல்லியல் துறைக்குத் தோட்டக்கலைப் பிரிவு ஒன்று ஆக்ராவைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாயிற்று. நாடெங்கும் பழஞ்சின்னங்களைச் சுற்றி முட்புதர் போய்ப் பச்சைப் புல்வெளி வந்தது. தாராசுரத்தில் இன்று நம் கண்ணைக் குளிர்விக்கும் புல்தரையும் இம்மரபில் வந்ததே.

புல்வெளியால் நன்மைகள் உண்டு. புழுதி அடங்குகிறது, மழைத்துளி மண்ணை அரிப்பதில்லை, கட்டடத்தின் முழு வடிவும் தெரிகிறது. ஆனால் புல்லுக்கு ஓயாமல் நீர் வேண்டும். அந்நீர் கல்லின் அடித்தளத்தை அடைந்தால் நுண்துளைகள் வழியே மேலேறும். வெளிப்பரப்பில் நீர் ஆவியாக, அதில் கரைந்திருந்த உப்பு படிகமாகி விரிவடையும். நாளடைவில் கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். எண்ணூறு ஆண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கிய சிற்பத்தை அடியிலிருந்து ஏறும் உப்பு அழித்துவிடக்கூடும். எனவே பழங்கட்டடத்தை ஒட்டி நீர் பாய்ச்சும் பாத்தி அமைக்காமலிருப்பதும், வேர் பரப்பும் மரங்களைத் தொலைவில் வைப்பதும், மழைநீரைச் சுவரிலிருந்து விலகி ஓடச் செய்வதும் தோட்டக்கலையின் முதல் விதிகள் ஆகின்றன.

மற்றொரு விதியும் உண்டு. பழைய ஊர்களில் பாழிடம் என்று தோன்றுவது வரலாற்றின் ஏடாக இருக்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேடு பார்வைக்கு வெறும் மண்மேடுதான். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1980-81 முதல் பல பருவங்களில் அங்கு அகழ்ந்தபோது சோழர் அரண்மனையின் செங்கற் சுவர்கள் வெளிப்பட்டன. யாரேனும் அதைச் சமன் செய்து தோட்டம் போட்டிருந்தால் அவ்வேடு கிழிந்திருக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தை இன்றைய சட்டம் தடை செய்கிறது. தோண்டும்போது பழம்பொருள் தென்பட்டால் வேலையை நிறுத்தி வட்டாட்சியருக்குத் தெரிவிப்பது குடிமக்களின் கடமை.

ஓராண்டுத் திட்டம்

பழஞ்சின்னம் இல்லாத சாதாரண முற்றத்திற்கு இவ்வரலாறு தரும் பாடங்களைத் தொகுத்துக் காண்போம். மாணவர்கள் தங்கள் பள்ளியிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு மழைக்காலம் முழுவதும் எதையும் நடாமல் நிலத்தைக் கவனிக்க வேண்டும். படுகைப் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக் காற்றில் பெய்கிறது. நீர் எங்கே தேங்குகிறது, எவ்வழியே போகிறது என்பதைப் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் முழங்கை ஆழக் குழி ஒன்று தோண்டி நீர் நிரப்புங்கள். ஊறி வற்றிய பின் மறுமுறை நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால், வடிகாலே முதல் வேலை.

மாசியில் குப்பையைப் பிரிக்க வேண்டும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வெளியேறட்டும். செங்கல் துண்டுகள் பாதைக்கு அடித்தளமாக உதவும்; சுண்ணாம்புக் காரையைப் பாத்தியில் சேர்க்கலாகாது. சருகை எரிக்காமல் எருக்குழியில் இடுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை அணிந்து பிடுங்க வேண்டும். சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையோடு பெயர்க்க வேண்டும். கோரையின் வலிமை கிழங்கில் இருக்கிறது. மேலே செதுக்கினால் மீண்டும் முளைக்கும். ஆதலால் கோடை உழவில் புரட்டிக் கிழங்கை வெயிலில் காய விடுவதும், முளைக்க முளைக்கப் புதுக்கிழங்கு கட்டுமுன் களைவதும், பின்னர் அடர்ந்த பயிரால் நிழலிட்டு அமுக்குவதும் வழிகள். இதற்குப் பொறுமை வேண்டும்.

பங்குனியில் மண்ணை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி உவர், களர் நிலையை அறிந்துகொள்ளலாம். சித்திரையில் வாய்க்கால் வெட்டி மேட்டுப்பாத்தி அமைத்து, குளத்து வண்டலும் மக்கிய எருவும் இடலாம். வைகாசி, ஆனியில் கிடைக்கும் மழையையோ நீரையோ கொண்டு தக்கைப்பூண்டு விதைத்து, ஏறத்தாழ 45 நாளில் மடக்கி மண்ணோடு சேர்க்கலாம். அது மக்கியபின் ஐப்பசி மழை வரும். வாய்க்கால்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று அது சோதித்துக் காட்டும். அடுத்த தையில் செடி நடலாம். மேட்டில் மல்லிகையும் செண்பகமும், கரையில் வெட்டிவேர், வடியாத பள்ளத்தில் அல்லி என்று நிலத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுங்கள்.

காத்திருக்கும் காலத்தின் விலை

ஓராண்டு கழிந்தும் ஒரு பூவும் இல்லையே என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். இக்கேள்வியே பல தோட்டங்களைத் தொடக்கத்திலேயே கொன்றிருக்கிறது. ஒரே நாளில் நூறு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் விழாவுக்குப் பணம் கிடைக்கிறது. வடிகால் வெட்டவும், பின்னர் மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றவும் ஓர் ஆளுக்குக் கூலி ஒதுக்குவதில்லை. கன்று காய்கிறது, முற்றம் மீண்டும் கோரைக்குப் போகிறது.

நந்தவனங்கள் பல இடங்களில் தரிசானதற்கும் மண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. அம்மண்ணைப் பேணியவரின் சோற்றுக்கென இருந்த ஏற்பாடு முறிந்தபோது தோட்டமும் முறிந்தது. திருத்தும் ஆண்டுகளுக்கு வரிச்சலுகை, பேணும் ஆண்டுகளுக்கு நந்தவனப்புறம், மேற்பார்வைக்குத் தோட்ட வாரியம் என்று நம் முன்னோர் மூன்றையும் இணைத்து எண்ணியிருந்தார்கள். இன்று ஒரு பள்ளியோ, ஊராட்சியோ, கோயிலோ புதிதாகத் தோட்டம் அமைக்கத் திட்டமிடும்போது, கன்றுகளின் விலைக்குமுன் தோட்டக்காரரின் ஊதியத்தையும் வடிகாலின் செலவையும் முதல் வரியில் எழுதட்டும். பூக்கள் தாமே பின்னால் வரும்.